கலைமகள் வீட்டில் அடுப்பெரிய வேண்டாமா?

கலைமகள் மருமகள்; திருமகள் மாமியார். ஒரு கூரையின்கீழ் இருவரும் ஒத்து வாழார். ஆகவே கல்வி உள்ள வீட்டில் செல்வம் தங்காது. செல்வம் உள்ள வீட்டில் கல்வி தங்காது! இது புராணிகர் கட்டிவிட்ட கதை. திண்ணையிலே பிறந்த இக்கதை, மேடையேறி, ஏடேறி, இறுதியில் நம் நெஞ்சிலேயும் ஏறி அமர்ந்துவிட்டது.

இராகு காலம் பாராதவர் நாம். சாதகக் கட்டத்தைக் கிழித்தெறிந்தவர் நாம். பல்லி விழுந்த பலன் கேட்பாரைக் கண்டால் பகடி பேசுபவர் நாம். ஆனால் ஒருவர் வந்து, "நாவலாசிரியனா? பாவம், பட்டினிதான் கிடப்பான். பட்டினி கிடந்தால்தானே எழுத்தில் உயிர் இருக்கும்!" என்று கூறும்போது மட்டும், ஆமாம் என்று தலையசைக்கிறோம். விதி இல்லை என்று முழங்கிய வாய், எழுத்தாளன் தலையிலே மட்டும் வறுமையை எழுதி வைக்கலாமா? இதுவும் மூடநம்பிக்கை அன்றோ, தோழர்களே!

எந்த மூடநம்பிக்கைக்கும் பின்னால் ஒரு கல்லாப்பெட்டி இருக்கும். அந்தப் பெட்டியைத் திறந்து பார்ப்பதே பகுத்தறிவாளன் கடமை. வறுமையே புலமைக்கு அணி என்று நாடு நம்பினால் யாருக்கு ஆதாயம்? கணக்குக் காட்டாத பதிப்பாளருக்கு ஆதாயம். கதையைக் கேட்டு வாங்கி அச்சிட்டுவிட்டு, அன்பளிப்பை அனுப்ப மறந்துவிடும் ஏட்டுக்கு ஆதாயம். ஒரு நூலை ஒருவர் வாங்க, பத்துப்பேர் படித்துவிட்டு, "எழுத்தாளர் நீடு வாழ்க!" என்று வாழ்த்திப் பிரியும் நமக்கும் ஆதாயம்! நீடு வாழ்வதற்கு அரிசி வேண்டும் என்பதை வாழ்த்துரை கூறுவோர் எண்ணிப் பார்ப்பதில்லை.

முன்சீப்பின் நிழலில் பிறந்த குழந்தை

பழந்தமிழ்ப் புலவன் வறுமையைப் போற்றினானா? புறநானூற்றைப் புரட்டிப் பாருங்கள். பெருஞ்சித்திரனார் தம் இல்லத்துப் பசியை மறைக்காமல் பாடியவர். அதே பெருஞ்சித்திரனார், அதியமான் தம்மை நேரில் காணாமல் கொடுத்தனுப்பிய பரிசிலை ஏற்க மறுத்தவர். பசி இருந்தது, பசியைக் கொண்டாடும் பழக்கம் இருந்ததில்லை. தன் தொழிலை அறிந்து, மதித்துத் தரும் ஊதியமே வேண்டும் என்ற நிமிர்வு இருந்தது.

அந்நாள் புலவனுக்கு ஓர் அரசன் போதும். நாவலாசிரியனுக்கோ அரசன் இல்லை. நாவல், அச்சுப்பொறி ஈன்ற குழந்தை. ஆயிரம் வாசகர் ஆளுக்குச் சிறு காசு கொடுத்தால்தான் அக்குழந்தைக்குப் பால் கிடைக்கும். தமிழின் முதல் நாவலாகிய 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் வெளிவந்தது. எழுதியவர் வேதநாயகம் பிள்ளை. மாயூரத்தில் முன்சீப்பாக இருந்தவர். ஆக, தமிழ் நாவல் பிறந்தபோதே வேறொரு வருவாயின் நிழலில்தான் பிறந்தது.

அந்த நிழல் இல்லாதவர் கதி என்ன? பாரதியார் 1920இல் கடையத்தில் இருந்தபடி ஒரு திட்டம் தீட்டினார். தம் எழுத்துகளை 40 நூல்களாக, ஒவ்வொன்றிலும் 10,000 படிகள் அச்சிடுவது. அதற்கு நண்பர்கள் கடன் தந்தால் வட்டியோடு திருப்பித் தருவது. இதைச் சுற்றறிக்கையாகவே அனுப்பினார். அவர் பிச்சை கேட்டாரில்லை, முதல் கேட்டார்! முதல் வரவில்லை. மறு ஆண்டில் அவரே இல்லை. புதுமைப்பித்தன் பத்திரிகைகளில் உழைத்து, படத்தொழிலிலும் முயன்று பார்த்து, காசநோயோடு 1948இல் மறைந்தார். வயது 42. இவ்விருவர் வாழ்வையும் கூறி, "பார்த்தீர்களா, மேதைக்கு வறுமைதான்!" என்று முடிப்பவர் உண்டு. வறுமை அவர்களை எழுத வைத்தது என்பதற்குச் சான்று ஏதுமில்லை. அவர்கள் எழுதியிருக்கக்கூடிய நூல்களை அது தின்றுவிட்டது என்பதற்கு அவர்களது வயதே சான்று.

இன்றைய கணக்கையும் பார்த்துவிடுவோம். பள்ளிப் பிள்ளைகளுக்குப் போடும் எளிய கணக்குத்தான். ஒரு நாவலின் விலை 300 ரூபாய் என்று கொள்வோம். ஆயிரம் படிகள் விற்றன என்றும் கொள்வோம். ஆசிரியருக்கு வழக்கமாகப் பேசப்படும் பங்கு நூற்றுக்குப் பத்து. வருவது 30,000 ரூபாய். நாவல் எழுத மூன்று ஆண்டு ஆயிற்று என்றால், மாதத்திற்கு 833 ரூபாய்! ஒரு குடும்பத்தின் பால் கணக்கைத் தீர்க்கவும் இது போதாது. நாவலை மட்டும் நம்பிய தமிழ் நாவலாசிரியன் பிழைக்க மாட்டான் என்பதைச் சாதகம் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. பெருக்கல் வாய்பாடே சொல்கிறது.

மானாவாரி தரும் பாடம்

அப்படியானால் எழுத்தை நம்பி வாழ வழியே இல்லையா? உண்டு. அதை எங்கள் வறண்ட பூமியே கற்றுத் தருகிறது.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் காவிரிப் படுகை அன்று. குண்டாறு திருச்சுழியைத் தொட்டுத்தான் செல்கிறது. ஆனால் ஆண்டில் பெரும்பகுதி அது மணலாறு. ஐப்பசி கார்த்திகையில் வானத்தைப் பார்த்து விதைப்பவர் எம் உழவர். இந்தக் கரிசலிலே ஒரே பயிரை நம்பியவன் ஓராண்டில் கெட்டான். ஆகவே பருத்திக்கு நடுவே உளுந்து, கம்புக்கு நடுவே துவரை, ஓரத்தில் ஆமணக்கு, கொட்டிலில் நாலு ஆடு. எல்லாம் பொய்த்துவிட்டால், சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போட்டாவது குடும்பத்தை நகர்த்துவான். ஒன்று கெட்டால் ஒன்று தாங்கும். பல விதை விதைப்பதால் அவனை யாரும் உழவன் அல்லன் என்று கூறுவதில்லை.

இதே மண்ணில், காரியாபட்டி வட்டத்து மல்லாங்கிணறு ஊரில், 1966இல் பிறந்தவர் எஸ். ராமகிருஷ்ணன். எழுத்தையே தொழிலாகக் கொண்டு வாழத் துணிந்த நாவலாசிரியர். அவர் வாழ்ந்த முறையைக் கூர்ந்து பார்த்தால் அது மானாவாரி வேளாண்மையாகவே தெரிகிறது. முதற்பயிர் நாவல். ஊடுபயிராக ஆனந்த விகடனில் 'துணையெழுத்து' போன்ற தொடர்கள். 'பாபா' (2002), 'சண்டக்கோழி' (2005) முதலிய படங்களுக்கு உரையாடல். சிறுவர் நூல்கள், நாடகங்கள், உலக இலக்கியம் பற்றிய சொற்பொழிவுகள். 2017இல் 'தேசாந்திரி' என்னும் சொந்தப் பதிப்பகம். ஒன்று காய்ந்தபோது மற்றொன்று தாங்கியது.

இலக்கியவாதி திரைப்படத்துக்கு எழுதலாமா என்று முகம் சுளிப்போர் உண்டு. 'வேலைக்காரி', 'பராசக்தி' ஆகிய படங்களின் உரையாடலைக் கேட்டு வளர்ந்த ஒரு நாட்டில் இக்கேள்விக்கு மறுமொழி வேண்டியதில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஊடுபயிரில் வந்த காசு முதற்பயிருக்கு உரமாயிற்றா? அல்லது முதற்பயிரையே மூடிவிட்டதா? இதற்கு நாவல்கள்தாம் விடை கூற வேண்டும்.

'நெடுங்குருதி' 2003இல் வந்தது. வேம்பலை என்னும் வறண்ட ஊர். அங்கே வேம்பர் என்னும் மக்கள். திருடர் என்று முத்திரை குத்தப்பட்டவர். 1871இல் வெள்ளை அரசு இயற்றிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டப்பட்டதே, அந்தச் சட்டம் மனிதர் மேல் ஏற்றிய பாரத்தை நினைவில் வைத்துக்கொண்டு இந்நாவலைப் படிக்க வேண்டும். பிறப்பினால் குற்றவாளி என்பது, பிறப்பினால் இழிந்தவன் என்பதன் தம்பிதானே! கோடை, காற்று, மழை, பனி என்று பருவங்களாகப் பிரிந்து நடக்கும் இக்கதையில், வெயில்தான் முதன்மைப் பாத்திரம். வெற்றிவீரன் இல்லை, திருமணத்தில் முடியும் காதல் இல்லை, வார இறுதியில் வாசகனைத் தொங்கவிடும் திருப்பமும் இல்லை. எந்தச் சந்தையும் கேட்டு வாங்காத சரக்கு இது. சந்தை கேட்காததை எழுதத் துணிவது, வேறு வயிற்றுப்பாடு உள்ளவனுக்கே எளிது. இங்கே உரம் வேரில் இறங்கியிருக்கிறது என்று துணிந்து கூறலாம்.

'சஞ்சாரம்' 2014இல் வந்தது. 2018இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. கரிசல் நாட்டு நாதசுரக் கலைஞர் இருவர், ரத்தினமும் பக்கிரியும், கோயில் திருவிழாவில் மூண்ட சாதிச் சண்டையில் அகப்பட்டு அடிபடுகின்றனர். அவமானம் தாளாத பக்கிரி பந்தலுக்குத் தீ வைக்கிறான். இருவரும் ஊர் ஊராக ஓடுகின்றனர். ஓட்டத்தினூடே நாதசுரக் கலைஞர் பலரின் கதைகள் கிளைக்கின்றன. இதை இசை பற்றிய நாவல் என்பர் பலர். கலைஞனின் கூலி பற்றிய நாவல் என்பேன் நான். "நாதசுரம் தெய்வீகக் கலை" என்று கூறும் அதே ஊர்தான், வாசித்தவனைக் கட்டிவைத்து அடிக்கிறது. எண்ணிப் பாருங்கள்: ஒரு தொழிலைத் தெய்வீகம் என்று புகழ்வதைவிட, அதற்குக் கூலி கொடாமல் இருக்க எளிய வழி வேறு உண்டா? புகழுக்குச் செலவில்லை. நாதசுரக்காரனுக்கு நேர்ந்ததுதான் நாவலாசிரியனுக்கும் நேர்கிறது. ஆசிரியர் தம் சொந்தத் தொழிலின் துயரத்தையே சீவாளியில் வைத்து ஊதினாரோ என்று தோன்றுகிறது.

ஆனால் குறையையும் கூறியாக வேண்டும், புகழ்மாலை திறனாய்வாகாது. 'சஞ்சார'த்தின் கிளைக்கதைகள் சில, வார ஏட்டுப் பத்தியின் அளவிலேயே வெட்டப்பட்டவை போல் உள்ளன. ஒரு மனிதர் வருகிறார். அவர் துயரம் கூறப்படுகிறது. ஒரு பெருமூச்சோடு அவர் போய்விடுகிறார். அடுத்த மனிதர் வருகிறார், அடுத்த பெருமூச்சு. 'நெடுங்குருதி'யில் துயரம் ஊர் முழுதும் பரவிப் பல தலைமுறை நிற்கிறது. இங்கே அது பக்கத்துக்குப் பக்கம் தீர்ந்து போகிறது. தொடர் எழுதும் கைக்கு, எதையும் உருக்கமான முடிவோடு நிறுத்தும் பழக்கம் வந்துவிடும். அது பிழைப்புக்கு உதவும், நாவலுக்கு உதவாது. துவரை வளர்ந்து கம்பின் வெயிலை மறைத்தால் களை எடுப்பது போல் கிளையைக் கழிக்க வேண்டியதுதான். அந்தக் கழிப்பு இந்நாவலில் இன்னும் கொஞ்சம் நடந்திருக்கலாம். ஆயினும், வழி தவறு என்று இதனால் ஆகிவிடாது. வழியில் உள்ள இடர் இது என்பதே பொருள்.

சம்பளம்: கேடயமும் கயிறும்

எழுத்தாலேயே வாழ்வது ஒன்றுதான் வழியா? எம் மாவட்டமே அதற்கு மறுமொழி கூறும். வத்திராயிருப்புப் பக்கத்துப் புதுப்பட்டியில் பிறந்த பாமா, பள்ளி ஆசிரியை. 1992இல் வந்த அவருடைய 'கருக்கு' தமிழ்த் தன்கதை எழுத்தின் போக்கையே மாற்றிற்று. மேலாண்மறைநாட்டு மேலாண்மை பொன்னுச்சாமி ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். ஊரிலே சிறு கடை வைத்துப் பிழைத்தவர். அவர் எழுதிய 'மின்சாரப்பூ' 2007இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. பக்கத்து இடைசெவல் கி. ராஜநாராயணன் உழவர், 1976இல் 'கோபல்ல கிராமம்' தந்தார். சம்பளம், கடை, காடு இவை மூன்றும் நல்ல எழுத்தைத் தாங்கியிருக்கின்றன.

சம்பளம் கேடயம்; ஆனால் சில வேளை அதுவே கழுத்துக் கயிறும் ஆகும். சம்பளம் வாங்கும் ஆசிரியன் என்ற முறையில் இதை அழுத்தமாகக் கூறுகிறேன். பெருமாள்முருகன் அரசுக் கல்லூரி ஆசிரியராக இருந்தவர். 'மாதொருபாகன்' நாவலுக்காகச் சாதிக் கூட்டம் அவரைச் சூழ்ந்தது. 2015 சனவரியில், அமைதிப் பேச்சு என்ற பெயரால் அதிகாரிகள் முன்னிலையில் அவரை எழுதிக் கொடுக்கச் செய்தனர். எழுத்தாளனாகத் தாம் இறந்துவிட்டதாகவே அவர் அறிவித்தார். 2016 சூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அவருடைய எழுத்துரிமையை நிலைநாட்டிய பிறகே அவர் மீண்டும் எழுத வந்தார். மாதச் சம்பளம் இருந்தும் அஞ்ச நேர்ந்தது அவருக்கு. சம்பளமும் இல்லாமல், துணைக்கு வாசகர் கூட்டமும் இல்லாமல் இருப்பவன் கதி என்ன?

ஆகவே சுதந்திர எழுத்தாளன் என்பதற்கு இலக்கணம் வகுத்துக்கொள்வோம். வேறு தொழில் இல்லாதவன் என்பது இலக்கணம் ஆகாது. முன்சீப்பும் இருக்கலாம், மளிகைக்கடையும் இருக்கலாம், திரைப்படமும் இருக்கலாம். அவனுடைய கையெழுத்துப் படியின்மேல் வேறொருவர் கை படக்கூடாது. பதிப்பாளரோ, தயாரிப்பாளரோ, மேலதிகாரியோ, சாதித் தலைவரோ, "இந்தப் பக்கத்தை எடுத்துவிடு, இல்லையேல் உன் சோறு போகும்" என்று மிரட்டும்போது, "ஒரு வாசல் போனால் மறு வாசல் உண்டு" என்று கூற முடிந்தவனே சுதந்திரமானவன். பல சிறு வருவாய் வேண்டும் என்று கூறுவது இதற்காகவே.

தறியும் பேனாவும்

அருப்புக்கோட்டை நெசவாளியைப் பாருங்கள். பாவும் ஊடையும் முதலாளி தந்தால், நெய்தவனுக்குக் கூலி மட்டும், சேலை முதலாளிக்கு. கூட்டுறவுச் சங்கம் வந்தபோதுதான் நெசவாளிக்குப் பேசும் வாய் வந்தது. எழுத்தாளருக்கும் அத்தகைய சங்கம் கூடுமா? கூடும் என்று கேரளம் காட்டிற்று. 1945இல் கோட்டயத்தில் 12 எழுத்தாளர்கள் கூடி, 'சாகித்திய பிரவர்த்தக கூட்டுறவுச் சங்கம்' கண்டனர். எம்.பி. பால், காரூர் நீலகண்ட பிள்ளை ஆகியோர் முன்னின்றனர். நூல் விலையில் நூற்றுக்கு 30 பங்கு ஆசிரியருக்கு என்று வைத்தனர். எங்கும் பத்துப் பங்கு பேசப்படும் இடத்தில் முப்பது! மலையாள எழுத்தாளன் நிமிர்ந்து நடந்ததற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

தமிழிலும் தனியே நின்று காட்டியவர் உண்டு. வை.மு. கோதைநாயகி 1925இல் 'ஜகன்மோகினி' இதழை ஏற்று நடத்தித் தம் நாவல்களைத் தாமே வெளியிட்டார். 115 நாவல்கள் எழுதினார். அடுப்படியைத் தாண்டாதே என்று பெண்ணுக்குச் சொன்ன காலத்தில், ஏடும் தனது, எழுத்தும் தனது என்று வாழ்ந்தவர். அவருடைய கதைகளின் கருத்து நமக்கு உடன்பாடோ இல்லையோ, அந்தத் துணிவு உடன்பாடே.

எழுத விழையும் இளைஞன் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவனே உரிமையின் முதல் உடையவன். வாழ்நாள் முழுதும், மறைந்த பின் 60 ஆண்டும் அந்த உரிமை நீடிக்கும். எழுத்து மூலமாகக் கையொப்பம் இட்டாலன்றி உரிமை மாறாது. ஒப்பந்தத்தில் காலம் குறிக்காவிட்டால் ஐந்தாண்டே செல்லும். "நமக்குள் எதற்குத் தாள், எழுத்து?" என்று கேட்கும் பதிப்பாளரிடம் புன்னகையோடு தாளை நீட்டுங்கள். இலக்கியம் பேசும்போது கணக்கையும் பேசுவது இழிவன்று.

இதில் ஆங்கில நாவலாசிரியர் டிரொலப்பை நினைக்கலாம். அவர் அஞ்சல் துறை ஊழியர். விடியலில் எழுந்து, கடிகாரத்தை முன்னே வைத்து, கால் மணிக்கு 250 சொல் என்று எழுதியவர். 47 நாவல்கள் தந்த அவர், தம் எழுத்தால் வந்த வருவாய் ஏறத்தாழ 69,000 பவுன் என்று நூல் வாரியாகக் கணக்கெழுதி வைத்தார். அவர் மறைந்த பின் 1883இல் வந்த தன்வரலாற்றில் அதைக் கண்ட இரசிகர் பலர் அதிர்ந்தனர். கலைக்கும் கடிகாரத்துக்கும் என்ன உறவு என்றனர். தச்சன் நாள்தோறும் உளி பிடித்தால் உழைப்பு என்கிறோம். எழுத்தாளன் நாள்தோறும் எழுதினால் அருள் வற்றிவிடும் என்கிறோம்! அருள் வரும் என்று காத்திருப்பவன் பூசாரி. நாள்தோறும் அமர்ந்து எழுதுபவனே தொழிலாளி. கைப்பழக்கம் வந்த பிறகே மொழி ஏவல் கேட்கும்.

பொன்னாடை குழம்பாகுமா?

நம் கடமை என்ன? எழுத்தாளனைக் கூட்டத்துக்கு அழைக்கிறோம். மாலை, மரியாதை, பொன்னாடை, புகழுரை. கூட்டம் முடிந்ததும் பேருந்துக் கட்டணத்தை அவனே தேடுகிறான். பொன்னாடையைக் கொதிக்க வைத்தால் குழம்பாகுமா? எழுத்தாளர் வீடுகளில் அடுக்கிக் கிடக்கும் பொன்னாடைகளை விரித்தால், மல்லாங்கிணறு முதல் திருச்சுழி வரை பந்தல் போடலாம். அடுத்த கூட்டத்தில் பொன்னாடைக்கு ஆகும் பணத்துக்கு அவர் நூல்களையே வாங்கி, வந்தவர்க்கு விற்றுப் பாருங்கள். வழிச்செலவையும் பேச்சுக்குரிய ஊதியத்தையும் உறையிலிட்டு முன்னதாகவே கொடுங்கள்.

நூலகத்தையும் மறந்திடலாகாது. சென்னைப் பொது நூலகச் சட்டம் 1948இல் வந்தது; விடுதலை பெற்ற இந்தியாவில் இத்தகைய முதற்சட்டம் அதுதான். வீட்டு வரியோடு நூலக வரியும் செலுத்துகிறோம். அந்தப் பணம் நல்ல நாவலாகி நம் ஊர்க் கிளை நூலகத்துக்கு வருகிறதா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. சாலைக்கும் குடிநீருக்கும் மனுக் கொடுக்கும் நாம், நூலுக்கும் ஒரு மனு எழுதினால் என்ன?

அரசும் உதவுகிறது, மறுக்கவில்லை. மறைந்த எழுத்தாளரின் நூல்களை நாட்டுடைமையாக்கி வாரிசுகளுக்குத் தொகை தருகிறது. பெரும் பரிசு பெற்றோர்க்கு வீடு தரும் 'கனவு இல்லம்' திட்டம் 2021இல் அறிவிக்கப்பட்டது. நல்லவைதாம். ஆனால் இவை அறுவடைக்குப் பின் பெய்யும் மழை. எம் கரிசலில் தை மாத மழைக்கு மதிப்புக் குறைவு. விதைப்பு மழைக்கே உழவன் வானத்தைப் பார்க்கிறான். முதல் நாவலை எழுதிக்கொண்டு, பெயர் அறியப்படாமல், எங்கோ ஒரு வாடகை அறையில் அமர்ந்திருக்கிறானே இளைஞன், அவளும் இருக்கிறாளே, அவர்களுக்கு வேண்டுவது விதைப்பு மழை.

அந்த மழையைப் பெய்விக்க யாகம் வேண்டாம். வருணனுக்கு மனுவும் வேண்டாம். அறிமுகமற்ற ஒரு புது எழுத்தாளரின் நாவலை, இரவல் வாங்காமல், விலை கொடுத்து வாங்கிப் படித்துவிட்டு, நிறையும் குறையும் கூறி அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். ஆயிரம் பேர் அப்படிச் செய்தால் போதும். மாமியாரும் மருமகளும் ஒரே வீட்டில் உலை வைப்பதைப் பார்க்கலாம்!